ஆடி போகட்டும்

தருமபுரி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருவர். ஜன்னலோரம் இருந்தவர்தான் ஆரம்பித்தார்.

“எங்கூட்டுக்காரி மலேசியாவுல பொறந்தவளுங்க. அவ விசாவ நீட்டிக்கிற மனுவ, ‘ஆடி போவட்டும்’னு வக்கீல் கையிலயே வெச்சிருந்தாரு. ஆடியிலயே விசா முடிஞ்சிருச்சு.”

“நீங்க சர்ச்சுக்குப் போறவங்களாச்சே, உங்களுக்கு ஏதுங்க ஆடி?”

“ஆடி அவருக்குங்க. நாட்ட வுட்டுப் போகச் சொல்லி நோட்டீஸ் எங்களுக்கு. பொங்கலுக்கு மொத நாள் வரைக்கும்தான் டைம்.”

“வேற வக்கீலக் கேட்டீங்களா?”

“கேட்டனுங்க. பார் கவுன்சில்ல புகார் குடுக்கலாமாம். ஆனா அதுல விசா வராது. ‘தாமதம் என் தப்பு’ன்னு பழைய வக்கீலே எழுதிக் குடுத்தா, லேட்டானாலும் மனுவ எடுத்துக்குவாங்களாம்.”

“குடுப்பாருங்களா?”

“தங்கமான மனுசன். கேட்டதும் ஒத்துக்கிட்டாரு.”

“அப்பறம் என்னங்க?”

“இது மார்கழியாம். தை பொறக்கட்டுங்கறாரு.”