ரேடியேட்டரின் மேல்குழாய்

பழைய லாரி சூடாவது பெரிய அதிசயமில்லை. நரிக்குடிப் பக்கம் கருவேலங்கரி ஏற்றும் வண்டி என்றால் ரேடியேட்டரில் கரித்தூள் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் சரியாகிவிடும். எங்கள் வண்டி இந்தக் கோடையில் மூன்று முறை கொதித்தது. மூன்று முறையும் டிரைவர் ராஜபாண்டி கழுவித்தான் ஓட்டினான்.

நான் ஆண்டிச்சாமி. அதே வண்டியில் இருபது வருஷம் கரிமூட்டை தூக்கியவன். எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தது ராஜபாண்டிதான், என்னைவிடப் பதினான்கு வயது சின்னவன். முன்னால் போகும் வண்டிகளின் பின்பலகையைக் காட்டி, "அண்ணே, படிங்க. படிக்காட்டி இன்னிக்கு டீ கெடையாது" என்பான். அப்படிப் படித்துத்தான் நாற்பத்தாறு வயதில் லைசென்ஸ் எடுத்தேன்.

லைசென்ஸ் வந்த பிறகு மூட்டை முன்னைவிடக் கனத்தது. முதலாளி பால்ச்சாமியிடம் கேட்டேன்.

"ராஜபாண்டி இருக்கையில ஒனக்கு எதுக்குய்யா ஸ்டேரிங்கு? இன்னொருக்கா வண்டி கொதிக்கட்டும், அவன எறக்கிட்டு ஒன்ன ஏத்துறேன்" என்று சிரித்தார்.

மறுநாள் காலை ஃபேன் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்தினேன். பெல்ட் வழுக்கினால் விசிறி சரியாகச் சுற்றாது. வண்டி கொதித்து நிற்கும். அதற்கு மேல் நான் நினைக்கவில்லை.

திருச்சுழி தாண்டி நின்றது. ராஜபாண்டி குனிந்து பார்த்தான். "இது கரித்தூளு இல்லண்ணே. விசிறி சுத்தல. தண்ணிய ஊத்திட்டு பெல்ட்டப் பாத்துருவோம்" என்றான்.

பார்த்தால் போல்ட்டில் என் ஸ்பேனர் பட்ட புதுக்கீறல் தெரியும்.

மூடியைத் திறக்குமுன் ஒருவர் மேல்குழாயை அமுக்கிப் பார்த்துச் சொல்வது எங்கள் வழக்கம். மெத்தென்றிருந்தால் திறக்கலாம். விறைத்திருந்தால் உள்ளே ஆவி நிற்கிறது, காத்திருக்க வேண்டும். அவன் ஈரச்சாக்கை மூடிமேல் போட்டுக்கொண்டு கேட்டான்.

"என்னண்ணே, அமுங்குதா?"

குழாய் கல்லாக இருந்தது.

"அமுங்குது தம்பி, தெற" என்றேன்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் போல்ட்டை இறுக்கிவிட்டேன்.

பீறிட்ட ஆவி முகத்தில் அடித்து அவனுக்கு இரண்டு கண்ணும் போயிற்று. ஆஸ்பத்திரியில் அவன் மனைவி யுவராணி என்னை ஏசியபோது அவன்தான் தடுத்தான். "அண்ணன ஏன் வையிற? உள்ள வால்வு அடச்சிருந்தா குழா அமுங்கத்தான் செய்யும். அவுக என்ன செய்வாக?" பிறகு என் குரல் வந்த பக்கம் திரும்பி, "மொதல்ல வால்வ மாத்திருங்கண்ணே. ஒங்களுக்கும் இப்படி ஆயிரக்கூடாது" என்றான்.

வால்வில் ஒரு கோளாறும் இல்லை.

இப்போது வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். அவன் உயரத்துக்கு வைத்த சீட்டை இழுத்துப் போட மனம் வரவில்லை. கிளட்சை எட்டி எட்டித்தான் மிதிக்கிறேன். ஞாயிறுதோறும் அவன் வீட்டுக்குப் போகிறேன். வால்வை மாற்றியாயிற்றா என்று கேட்கிறான், ஆயிற்று என்கிறேன்.

அவனிடம் சொல்ல முடியாததால்தான் இதை எழுதினேன். அவனாலும் படிக்க முடியாது, யுவராணிதான் வாசித்துக் காட்ட வேண்டும். கண்ணில்லாதவன் மனசு நோகக்கூடாது என்றுதான் இதைக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.