கஸ்பார் தூங்கவில்லை

உப்புக் காற்றை உண்டு, உழைப்பை மட்டுமே நம்பி உயர்ந்த என் உறவுகளே! இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் பெரியவர் அருள்பிரகாசம் அவர்களே! காலைச் சந்தையில் கூடையை இறக்கிவிட்டு, முந்தானை ஈரம் காயுமுன்னே முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்திருக்கும் இஸ்லாமியச் சொந்தங்களே! துறைமுகத் தோழர்களே! படகுத் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர் வல்லரசு ஆகிய நான் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நெட்டுக்குப்பத்து கஸ்பாரை இங்கே அறியாதவர் யார்? படகின் முன்முனையான அணியத்தில் கைபேசியைக் கட்டிவைத்து, வலை இழுப்பதையும் மீன் துள்ளுவதையும் வீடியோ எடுத்து ஊருக்கே காட்டியவன் அல்லவா அவன்!

சென்ற மார்கழியில், மூடுபனி மூடிய ஒரு காலையில், கஸ்பாரும் தம்பி பிராங்கிளினும் கடலுக்குப் போனார்கள். பெரிய கப்பல் ஒன்று அவர்களுடைய பைபர் படகை இடித்துவிட்டுப் போய்விட்டது. பிராங்கிளின் பிழைத்தான், ஆனால் தலையில் பட்ட அடியில் அந்தக் காலையே அவன் நினைவிலிருந்து அழிந்துபோனது. கஸ்பாரைக் கடல் கரைக்குத் திருப்பித் தந்தது, உயிரை மட்டும் எடுத்துக்கொண்டு.

கண்ட சாட்சி இல்லை. முதல் விசாரணையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'படகை ஓட்டியவர் தூங்கிவிட்டார்.' ஊர் சும்மா இருந்ததா? 'குடிச்சிருப்பான்' என்றது. அவன் மனைவி ரோசி என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணே, போன உசுர யாராலயும் குடுக்க முடியாது. ஆனா எம் புருசன் தூங்கினாருன்னு எழுதிக்கீறாங்களே, அத்த எம் புள்ளைங்ககிட்ட நான் எப்டிச் சொல்லுவேன்?"

உடைந்த படகோடு கைபேசியும் கிடைத்திருந்தது. ரிச்சி தெருவில் கைபேசி பழுதுபார்க்கும் கடையில் அன்றைய பதிவை வெளியே எடுத்தும் கொடுத்தார்கள். ஆனால் எந்தப் பிளேயரில் போட்டாலும் சில நொடி பனி தெரியும். அப்புறம் பிளேயரே மூடிக்கொள்ளும். 'ஃபைல் போச்சு' என்று எல்லோரும் கைவிரித்தார்கள்.

ரோசி மீன் கொடுக்கும் வீடுகளில் ஒன்று வண்ணாரப்பேட்டை ரசூல் பீவியின் வீடு. அந்த வீட்டு மகள்தான் இந்த மேடையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் தஸ்னீம். வயிற்றுக்கு ஒரு கம்பெனியில் வேலை. மனத்துக்கு வேறொரு வேலை. சுருக்கி மடித்த வீடியோவைப் பிரித்து நம் கண்ணுக்கு விரித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று உண்டு. பல பிளேயர்களின் வயிற்றுக்குள் அது ஓடுகிறது. அதை யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம். ஆளுக்கொரு நாட்டில் இருந்துகொண்டு கூலி வாங்காமல் காக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி தஸ்னீம்.

ரோசி அந்தப் பதிவை அவளிடம் கொடுத்தாள். பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "அக்கா, ஃபைலுக்கு அடிபட்டுக்கீது, ஆனா சாவல. தொறக்கற சாஃப்ட்வேர்லதான் ஓட்டை கீது. மெமரி எர்ரர்."

பின்வரிசையில் ஒரு அண்ணன் கேட்கிறார், "அது இன்னாபா மெமரி எர்ரர்?" சொல்கிறேன் அண்ணே! துறைமுக யார்டில் ஒரு கண்டெய்னருக்குத்தான் இடம் ஒதுக்கியிருக்கிறது. வந்த சீட்டில் இரண்டு என்று தப்பாக இருக்கிறது. கிரேன்காரர் சீட்டை நம்பி இரண்டாவதை இறக்கினால் எங்கே விழும்? பக்கத்து ஆள் தலையில் விழும்! அடிபட்ட ஃபைல், படத்தின் அளவைத் தப்பாகச் சொன்னது. மென்பொருள் அதை நம்பி, ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதியது. பிளேயர் விழுந்து மூடிக்கொண்டது.

தஸ்னீம் தன் கணினியில் அந்த மென்பொருளைத் திருத்தினாள். பதிவைப் போட்டுப் பார்த்தாள். ரோசியிடம் ஓடினாள். "அக்கா, அண்ணன் முழிச்சிக்கினுதான் இருந்தாரு!" ரோசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விசாரணை அதிகாரியிடம் போனோம். அவர் கேட்டார்: "நீங்களே மாத்தின மென்பொருள்ல நீங்களே பாத்ததை நான் எப்படிச் சாட்சியா எடுத்துக்கறது?" நியாயமான கேள்வி. உலகம் சோதித்து ஏற்ற திருத்தமாக அது வர வேண்டும். அதை அவரே இறக்கி, அவரே போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு நாளாகும்.

பிராங்கிளினுக்குப் பொறுக்கவில்லை. "அந்த ஃபைல எல்லா குரூப்புலயும் போட்டு வுடு தஸ்னீமு! ஓட்டை எங்க கீதுன்னும் போடு! அவனவன் சரி பண்ணிப் பாத்துக்கட்டும்!"

"வேணாம்ணே. இன்னும் சரி பண்ண வெர்ஷன் யார் கைக்கும் போவல. இப்ப வெளிய சொன்னா, கெட்டவன் இத்த மாரியே ஒரு வீடியோ செஞ்சி அனுப்புவான். தொறந்தவங்க போன் அவன் கைக்குப் போய்டும்."

"செத்தது எங்க அண்ணன்! எவன் போனோ கெட்டா எனக்கின்னா?"

பதில் சொன்னவள் ரோசி.

"கம்முனு இரு பிராங்கிளினு. எவளோ ஒருத்தி, தூரத்துல கீற புள்ள மொகத்தப் பாக்க போனத் தொறப்பா. எம் புருசன் வீடியோவால அவ குடி கெடக் கூடாது. இத்தினி நாளு ஏச்சு வாங்கினேன், இன்னும் கொஞ்ச நாளு வாங்கிக்கறேன். நீ சரி பண்ணு தஸ்னீமு. நான் காத்துக்கினு கீறேன்."

தாய்மார்களே, காத்திருந்தாள்! கூடையோடு தெருவில் போகும்போது முதுகுக்குப் பின்னே முணுமுணுத்தார்கள், காத்திருந்தாள். உண்மை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, காத்திருந்தாள். முகம் தெரியாத, மொழி தெரியாத, ஊர் தெரியாத மனிதர்களுக்காக, இந்த எண்ணூர்க் கரையிலே ஒருத்தி காத்திருந்தாள்!

அங்கே தஸ்னீமுக்கும் சோதனை. அவள் அனுப்பிய முதல் திருத்தம் திரும்பி வந்தது. இந்த ஒரு கெட்ட படத்தை மட்டும் தாண்டிப் போகிறாய், அதே பொய்யான அளவை நம்பும் வேறு இடங்கள் அப்படியே இருக்கின்றன என்று எங்கோ ஒரு நாட்டுக்காரர் எழுதியிருந்தார். ரோசியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று அழுதாள். அழுது முடித்து, வரி வரியாகத் தேடினாள். அந்த இடங்களையும் அடைத்தாள். திருத்தம் ஏற்கப்பட்டது; புதிய பதிப்பு வெளிவந்தது.

அதிகாரி தன் அறையில், தன் கணினியில், தானே இறக்கிப் போட்டார். நானும் அங்கே இருந்தேன்.

பனி. பனிக்குள் கஸ்பார். தலையைத் திருப்புகிறான். சட்டையைக் கழற்றி வீசி வீசி ஆட்டுகிறான். "ஏய்! படகு கீது! போட்டு கீது!" கறுப்பாக ஓர் இரும்புச் சுவர் எழுந்து வருகிறது. படகில் இருந்த ஒரே மிதவையைத் தம்பி பக்கம் தள்ளுகிறான். "பிராங்கிளினு, இத்தப் புடிச்சிக்கினு குதி!" அப்புறம் இருட்டு.

பிராங்கிளின் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். ரோசி மட்டும் நின்றுகொண்டே, "இன்னொரு வாட்டி போடுங்க சார்" என்றாள்.

'தூங்கிவிட்டார்' என்ற அந்த வாக்கியம் நீக்கப்பட்டது. 'படகை ஓட்டியவர் விழித்திருந்தார், எச்சரித்தார்' என்று எழுதப்பட்டது. எந்தக் கப்பல் என்பது இன்னும் தெரியவில்லை. அந்தப் போராட்டத்தைச் சங்கம் விடாது.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்த மென்பொருளின் ஒவ்வொரு திருத்தத்தோடும், கோளாறைத் தெரிவித்தவர் பெயரையும் எழுதுவது வழக்கமாம். தஸ்னீம் எழுதியிருக்கிறாள்: 'தெரிவித்தவர்: ரோசி கஸ்பார், நெட்டுக்குப்பம்.' உலகத்தில் யார் அந்தத் திருத்தத்தைத் திறந்து படித்தாலும், அந்தப் பெயரைப் படித்தாக வேண்டும்!

தங்கச்சி ரோசி, எழுந்து நில்லும்மா. தலை குனியாதே. உன்னை ஏசிய ஊர்தானே இது? திரும்பிப் பார், ஊரே எழுந்து நிற்கிறது!

பொறுமையோடு கேட்ட உங்கள் நெஞ்சங்களுக்கு என் நன்றி. தஸ்னீமுக்கும் ரோசிக்கும் இந்தக் கடற்கரையின் வணக்கம்.