எட்டரை மணிக்குப் பூட்டும் கதவு

மேடையில் வீற்றிருக்கும் நீதிபதி அவர்களே, பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, துறைத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த அம்மையாரின் மகளே, மண்டபத்துக்கு வெளியே நிற்கும் தாய்மார்களே! உங்களை உள்ளே வந்து உட்காரச் சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டு என் வணக்கத்தை ஏற்க வேண்டும்.

எனக்கு முன் பேசியவர்கள் "அன்பின் வடிவம்" என்றார்கள். யாரை? நம் நன்னடத்தை அலுவலர் அம்மையாரையா? பதினெட்டு ஆண்டுகள் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவன் நான். அன்பாக அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "ஏன் சார்? ஏன்?" என்று உயிரை வாங்குவார். அதனால்தானே கேள்வி அம்மா என்று பெயர் வைத்து, முதுகுக்குப் பின்னால் சிரித்தோம்?

பிடிபடும் ஒவ்வொரு சிறுவனைப் பற்றியும் நாங்கள் நீதிமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். அதில் 'குற்றத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. எழுதி எழுதிக் கை வலிக்கிறதென்று, 'தீய சகவாசம்' என ரப்பர் முத்திரையே செய்து வைத்திருந்தோம். ஆம் தோழர்களே, முத்திரை. செய்யச் சொன்னவன் நான்தான். அம்மையார் அதைக் கையால் தொடமாட்டார்.

"யாரோட சகவாசம் சார்? பாதிப் பசங்க ஒரே தெரு. அந்தத் தெருவுக்கு என்ன ஆச்சுன்னு பாக்க வேணாமா?"

அவரே போய்ப் பார்த்தார். அந்தத் தெருவின் கோப்புகள் நாற்பத்தொன்று. அத்தனை பேரும் பள்ளி நாளில், காலை ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே, கடைத்தெருவில் பிடிபட்டவர்கள். ஏன்? தாய்மார் ஆறு மணிக்கே ஆலைக்குப் போய்விடுகிறார்கள். தெருக்குழாயில் தண்ணீர் வருவதோ எட்டு மணிக்கு. அதைப் பிடித்து வைத்துவிட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு ஓடுகிறார்கள். எட்டரைக்குப் பள்ளிக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பவன் வேறு எங்கே போவான்?

"ஒம்பது வரைக்கும் கேட்டைத் தொறந்து வைங்க, போதும்" என்று கேட்டார். இவ்வளவுதான் கேட்டார். இதோ அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர், "கட்டுப்பாடு கெட்டுடும்மா" என்றார். நான் என்ன செய்தேன்? 'தனிநபர் ஒழுக்கம் பற்றி மட்டும் எழுதவும்' என்று சிவப்பு மையில் எழுதி, இதையெல்லாம் சொன்ன அவர் அறிக்கையைத் திருப்பி அனுப்பினேன். ஆறு ஆண்டுகளில் ஆறு முறை அனுப்பினேன். நானெல்லாம் ஒரு அதிகாரி.

போன வாரம் மருத்துவமனைக்குப் போனேன். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "சார், கேட்டைத் தொறந்தாங்களா?"

"தொறந்துட்டாங்கம்மா" என்றேன்.

என்னையே பார்த்தார். "நீங்க போய்ப் பாத்தீங்களா?"

நான் குனிந்து அவர் போர்வையைச் சரிசெய்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் போய்விட்டார். பொய் என்று தெரிந்துதான் போனார். அது என் நெஞ்சை அறுக்கிறது.

அவருடைய படத்தைத் திறந்து வைக்க என்னை அழைத்தீர்கள். திறக்கமாட்டேன். அவர் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள், நானும் சொல்கிறேன். ஏழாவது முறையாக அந்த அறிக்கையை, இன்று காலை என் கையெழுத்தோடு கொண்டுவந்திருக்கிறேன். தலைமையாசிரியர் அவர்களே, ஒன்பது வரை கதவைத் திறந்து வைக்கச் சம்மதம் என்று உங்கள் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறேன். இந்தாருங்கள் பேனா. நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு நாம் மௌன அஞ்சலிக்கு எழுவோம். அதுவரை யாரும் எழ வேண்டாம்.