விசிலுக்கு ஒரு தோல்வி

இல்லை சார், காபியில் சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது. நான்தான் எதைக் குடித்தாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிக்கிற ரகம். கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு சர்க்கரை டப்பாவோடு என் பின்னால் அலைகிறார். எங்கே விட்டேன்? ஆமாம், விசில்.

விசில் என்பது அந்த மாணவியின் நிஜப் பெயரில்லை. அவள் செய்த பெட்டி அடிக்கிற சத்தம். தாழ்வாரம் முழுக்கக் கேட்கும். அவளுடைய அம்மா முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். ஒருமுறை அங்கே கத்தரிக்கோல் பட்டு ஒரு வாடிக்கையாளருக்குக் காயமாகிச் சீழ் பிடித்துவிட்டது. அதிலிருந்து இவள், சின்னக் கடைகளும் வாங்கக்கூடிய விலையில், கத்தரியையும் சீப்பையும் நீராவியில் கிருமி நீக்கித் தருகிற பெட்டி ஒன்றைச் செய்யக் கிளம்பினாள். பார்க்க ரொட்டிப் பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே பிசாசு.

நான் அவள் படித்த தொழில்முனைவோர் படிப்பின் ஒருங்கிணைப்பாளர். ஒருங்கிணைப்பாளர் என்றால் என்ன வேலை என்று எங்கள் கல்லூரியில் பாதிப் பேருக்குத் தெரியாது. புரொஜெக்டர் எரியாவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். எரிந்துவிட்டால் சிறப்பு விருந்தினருக்கு நன்றி சொல்வார்கள். ஆனால் பாடத்திட்டம் என்னுடையது. அதில் ஒவ்வொரு வரியும் நான் உட்கார்ந்து யோசித்தது.

அதன் நடுநாயகம் தோல்வி. விழாதவனுக்கு எழுந்திருக்கத் தெரியாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். மாணவர்கள் தலையாட்டுவார்கள், கைப்பேசியில் படமெடுத்தும் வைத்துக்கொள்வார்கள். சிக்கல் என்னவென்றால், படிப்பு ஒரே வருடம். சுமாரான பிள்ளைகள் அதற்குள் தாங்களாகவே நாலைந்து தடவை விழுந்துவிடுவார்கள். கெட்டிக்காரர்களுக்குத்தான் நேரம் போதாது. பாடத்திட்டத்தில் இருப்பதை நடத்தாமல் விட எனக்கு மனசு வராது. அதனால் வருடத்துக்கு ஒருவருக்கு, வகுப்பிலேயே கெட்டிக்காரருக்கு, நானே நடத்திவிடுவேன்.

பெரிதாக ஒன்றுமில்லை சார். போன வருடம், செடிக்குத் தானாகத் தண்ணீர் ஊற்றும் கருவி செய்த பையன் ஒருவன். ஒரே ஒரு வயரைப் பிடுங்கினேன். முதலீட்டாளர்கள் வந்தபோது அவன் செடி தலை தொங்கி நின்றது. இப்போது நன்றாக இருக்கிறான், வங்கியில் வேலை. அதற்கு முந்தின வருடம் இரட்டைச் சகோதரர்கள், சைக்கிள் வாடகைக்கு விடும் செயலி. அவர்களுடைய முதல் பெரிய வாடிக்கையாளருக்கு நான் ஒரு போன் செய்தேன். அண்ணனும் தம்பியும் இப்போது பேசிக்கொள்வதில்லையாம். தனித்தனியாக யோசிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

விசில் என் அறைக்கு அடிக்கடி வருவாள். கூடவே அவளுடைய தொழில் கூட்டாளி, கணக்கு வழக்கு பார்க்கிறவன். ஆள் ஒல்லி என்பதால் குண்டூசி. ஒருநாள் பெட்டியை என் மேசையிலேயே வைத்து விளக்கினாள்.

"மேடம், இந்த வால்வுதான் இதோட உயிர். உள்ள அழுத்தம் எகிறிச்சுன்னா தன்னால திறந்து விசிலடிச்சு ஆவிய விட்டுடும்."

"திறக்கலேன்னா?"

"திறக்கலேன்னா நீங்களும் நானும் சுவத்துல போட்டோவா தொங்க வேண்டியதுதான்."

"அதான் மேடம் நான் எப்பவும் பத்தடி தள்ளியே நிக்கறேன்," என்றான் குண்டூசி. "கணக்கு பாக்கறவன் உசுரோட இருக்கணும்ல?"

"நீ பாக்கற கணக்குக்கு நீ இல்லாம இருந்தாலே லாபம்டா. போடா."

நான் நன்றாகச் சிரித்தேன். அவர்களை எனக்கு நிஜமாகவே பிடிக்கும்.

முதலீட்டாளர்களுக்குப் பொருளை ஓட்டிக் காட்டுகிற காட்சி நாளுக்கு முன்னால் ஒத்திகை. ஒரு முதலீட்டாளர் ஏற்கெனவே பாதிச் சம்மதம் சொல்லியிருந்தார். மேடையில் பெட்டி ஒழுங்காக ஓடினால் கம்பெனி அவளுடையது. அம்மாவின் கடைக்குப் பக்கத்திலேயே பட்டறை பார்த்து வைத்திருந்தாள். ஒத்திகையில், "இத எனக்கு யாரும் சொல்லித் தரல. எங்கம்மா கடையில நின்னு கத்துக்கிட்டேன்," என்று பேச்சை முடித்தாள்.

நான் மெதுவாக, "நம்ம படிப்பப் பத்தியும் ஒரு வரி சேத்துக்கலாமேம்மா," என்றேன்.

"தாராளமா மேடம். என்னன்னு சேக்கட்டும்?"

கிண்டலில்லை சார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். அதில் எனக்கு வருத்தமொன்றுமில்லை. இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். எழுதிக்கொண்டுவிட்டீர்கள், பரவாயில்லை.

எங்கள் படிப்பில் ஒரு விதி உண்டு. விற்கிறவர்தான் முதல் வாடிக்கையாளர். காட்சி நாளில் ஒவ்வொருவரும் தன் பொருளைத் தானே, தன் கையாலேயே, நடுவர்கள் முன்னால் பயன்படுத்திக் காட்ட வேண்டும். உதவிக்கு ஆள் கிடையாது. நான் கொண்டுவந்த விதிதான். தான் சாப்பிடத் தயங்குகிறதை ஊருக்குப் பரிமாறக்கூடாது இல்லையா?

காட்சி நாளன்று காலை அரங்கத்தில் எல்லோரும் பலூன் ஊதிக்கொண்டிருந்தார்கள். நான் அவள் பெட்டியின் வால்வில் கொஞ்சம் பசை வைத்தேன். சின்ன டியூப்தான், என் செருப்பு பிய்ந்தபோது வாங்கியது. பெட்டி மக்கர் பண்ணும், அவள் அசடு வழிவாள், முதலீட்டாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

நாற்காலிகளா? ஆமாம், நடுவர்களின் முன்வரிசையைப் பின்னால் தள்ளிப்போடச் சொன்னது நான்தான். குண்டூசியைத் தண்ணீர் பாட்டில் எடுத்துவர வெளியே அனுப்பியதும் நான்தான். நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான். வெறுமனே மக்கர் பண்ணப்போகிற பெட்டிக்கு இவ்வளவு இடம் எதற்கு? நடுவர்கள் விருந்தாளிகள் சார். அவர்களுக்கு இந்தப் பாடம் தேவையில்லை.

அவள் கத்தரிகளை உள்ளே அடுக்கி மூடியைத் திருகினாள். பேசினாள். அம்மாவைப் பற்றிய இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். விசில் வரவேண்டிய நேரம் வந்தது, விசில் வரவில்லை. "இருங்க, வெக்கப்படுது," என்றாள். அரங்கம் சிரித்தது. என்னவென்று பார்க்கக் குனிந்து முகத்தை வால்வுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அப்போது நான் ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். எனக்கு நல்ல குரல், மைக்கே வேண்டாம். வகுப்புக்கு நடுவில் குறுக்கிட்டால் பாடம் கெட்டுவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

ஆக, வெடிக்கும் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு என்பதுதான் தெரியாது. இதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

இரண்டு கண்களிலும் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னபோது நானும் அங்கேதான் இருந்தேன். அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்தவ நான் அங்க இல்ல. நீங்களாவது கூட இருந்தீங்களே மேடம்," என்றார். அவர் கையில் ஷாம்பூ வாசனை. கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார். எனக்கும் கண் கலங்கியது. நான் கல்லொன்றுமில்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள் சார். பார்வையில்லாதவர்களுக்கென்று சந்தையில் இருக்கிற பொருட்களில் பாதி, கண் தெரிந்தவர்கள் குத்துமதிப்பாகச் செய்தவை. ஒரு அடுப்பு உண்டா, ஒரு இஸ்திரிப் பெட்டி உண்டா? இவளோ வலியிலிருந்து பொருள் செய்யத் தெரிந்தவள். இதுவரை அம்மாவின் வலி, இப்போது சொந்த வலி. எந்த முதலீட்டாளரும் வேண்டாமென்று சொல்லமுடியாத இடத்தில் இன்று அவள் இருக்கிறாள். அந்த ஆஸ்பத்திரி அறையில் எல்லோரும் அழுதுகொண்டிருக்கிறார்கள். இதை எடுத்துச் சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை. சூட்டோடு சூடாகச் சொன்னால்தான் பிடித்துக்கொள்வாள்.

பத்து நிமிடம் போதும் சார். கையில் விலங்கு போட்டே கூட்டிப்போங்கள், அவளுக்கு அது தெரியப்போவதில்லை. அவளுடைய அம்மா சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து என்னை அவளிடம் கூட்டிக்கொண்டு போகிறீர்களா?