நீலாவுக்கு ஒரு தமிழ்ச் சேனல்

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதன் கணேஷ்குமாரின் பெரியப்பா வெங்கடகிருஷ்ணனுக்கு நடந்தது. சிரிப்பவர்கள் கடைசியில் சிரிக்கலாம்.

ராத்திரி பத்து தாண்டியிருக்கும். சனத்நகர் தொழிற்பேட்டைச் சாலை... பட்டறைகள் பூட்டிக் கிடந்தன. கருகிய இரும்பு வாசனை. பெரியவர் வெறுங்கையோடு நடந்து வந்துகொண்டிருந்தார்.

அவர் மனைவி நீலா ஒரு வருஷம் படுத்த படுக்கை. குடியிருந்தது தெலுங்கு ஊர்; வீட்டு டிஷ்ஷில் தெலுங்குதான் வரும். அவளுக்கு ஒரு வார்த்தை புரியாது.

"ஏங்க, ஒரு தமிழ்ச் சேனல் போட்டுக் குடுங்களேன்" என்று கெஞ்சினாள்.

மனிதர் அரசாங்க ஆபீசில் பர்ச்சேஸ் பிரிவிலிருந்து ரிட்டயரானவர். மூன்று கொட்டேஷன் இல்லாமல் குண்டூசி வாங்கமாட்டார். எந்த பாக்ஸில் படம் தெளிவு, எது மழையிலும் சிக்னல் இழுக்கும், எதில் ரெக்கார்டு பண்ணலாம்... கடை கடையாக ஏறி ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் தெலுங்குச் செய்தியைப் பார்த்தபடியே செத்துப்போனாள்.

காரியம் முடிந்தும் மனசு கேட்கவில்லை. அவள் படத்துக்கு முன்னாலாவது தமிழ் ஒலிக்கட்டும் என்று அன்றைக்கு அமீர்பேட்டில் ஒரு டிஷ் கடைக்குப் போனார். கடைக்காரர் அவருடைய டிஷ் கார்டு நம்பரை வாங்கி, எங்கோ போன் செய்தார்.

"ஆயிடுச்சு சாப். பழைய பாக்ஸ்லயே தமிழ் வரும். புது பாக்ஸ் எதுக்கு?"

ஒரே ஒரு போன். அதற்கா ஒரு வருஷம்... தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

வீட்டுப் பூட்டைத் திறக்குமுன்பே உள்ளே டீவி சத்தம். தெலுங்குச் செய்தி. காலையில் அவரே அணைத்துவிட்டுப் போன டீவி... கூடம் முழுக்க நீலாவுக்குத் தேய்த்துவிடும் தைலத்தின் நெடி.

தமிழ்ச் சேனலை அழுத்தினார். வந்தது!

"நீலா, வந்துடுச்சு பாரும்மா" என்று அழுதேவிட்டார்.

டக். தானாகத் தெலுங்குக்குப் போனது. மறுபடி அழுத்தினார்... மறுபடி டக். டிஷ் வயரைப் பிடுங்கி எறிந்தார். திரையில் 'நோ சிக்னல்' என்று எழுத்து வந்தது. செய்தி வாசிக்கும் குரல் மட்டும் நிற்கவில்லை.

ஓடிவிடலாம் என்று எழுந்தார். தோளில் ஒரு கை விழுந்து அவரைச் சோபாவில் அழுத்தியது. எலும்பும் தோலுமான கை... என்ன கனம்! காதோரம் நீலாவின் குரல். கோபமே இல்லை.

"உக்காருங்க. புரியாட்டியும் பழகிடும்."