வாடைக்காலத்துப் பூச்சியங்கள்

அன்று விடியற்காலை ஐஸ் தொழிற்சாலையில் இருந்தவர்கள்: மேற்பார்வையாளர் பாக்கியரத்தினம், மீன் வெட்டும் புஷ்பவதி அக்கா, இயந்திரம் பார்க்கும் றிஸ்கான் நானா, இரவு வேலைக்காரன் துவாரகனாகிய நான். இப்போது மூன்று பேர் உயிரோடு இருக்கிறோம்.

எனக்குக் கணக்கில் பிழை வருவதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவன் நான். அந்தப் படிப்புக்குத் துறைமுகப் பக்கத்தில் கிடைத்த வேலை இதுதான்: இயந்திர அறையில் அமோனியா வாயு எவ்வளவு கசிகிறது என்று நாள்தோறும் அளந்து, மாதமுடிவில் அட்டவணை போடுவது.

மாதச் சராசரி, அனுமதித்த எல்லையைத் தாண்டினால், வால்வு இறுக்கப் போகிறவர் முகமூடி போட வேண்டும். துணைக்கு இரவு வேலைக்காரனும் உள்ளே போக வேண்டும். தாண்டாவிட்டால் ஒருவர் போதும், முகமூடி தேவையில்லை. அதுதான் எங்கள் வேலைமுறை.

முந்தைய மாதம் நான் துணைக்குப் போனேன். என் முகமூடி நழுவியது. தொண்டை அடைத்துக்கொண்டது; கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. றிஸ்கான் நானாதான் சட்டைக் கொலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். அதன் பிறகு பகலில் படுத்தாலும் தலையணையில் அந்த மணம். மறுபடியும் போகச் சொல்வார்களே என்று எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

அதற்கடுத்த மாதம் வாடைக்காலம். கடல் கொந்தளிப்பால் வள்ளங்கள் இறங்கவில்லை. மீன் இல்லாதபோது ஐஸ் எதற்கு? பெரும்பாலான நாட்கள் இயந்திரம் நின்றது, அளவு பூச்சியம். ஓடிய நாட்களில் அளவு எல்லைக்கு மிக மேலே. நின்ற நாட்களை விட்டுவிட்டுச் சராசரி எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் பூச்சியங்களையும் சேர்த்துக்கொண்டேன். சராசரி எல்லைக்குக் கீழே இறங்கியது. அட்டவணையில் பொய்யான எண் ஒன்றுகூட இல்லை.

அன்று விடியற்காலை பாக்கியரத்தினம் அட்டவணையின் கடைசி வரியை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைத்துவிட்டு இறங்குதுறைக்குப் போனார்.

"கண் எரியுது தம்பி," என்றாள் புஷ்பவதி அக்கா. "உன்ர அட்டவணைக்கு மூக்கு இருக்கா?"

"அக்காட மூக்குக்கும் ஒரு கட்டம் கீறிவிடு, கம்பஸ்," என்று றிஸ்கான் நானா சிரித்தார். பல்கலைக்கழகம் போனவன் என்பதால் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். பிறகு தாளில் விரலை வைத்தார். "இதென்ன, இவ்வளவு பூச்சியம்?"

"அதெல்லாம் நல்ல நாள், நானா."

"அப்ப வால்வு இறுக்க நான் தனியப் போகலாம்?"

"ஓம். ஒரு ஆள் போதும்."

"நீ படிச்சவன். சொன்னாச் சரி."

முகமூடி ஆணியிலேயே தொங்கியது. இயந்திர அறைக் கதவைச் சற்றுத் திறந்து வைத்துவிட்டு அவர் உள்ளே போனார். புஷ்பவதி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மீன் சட்டியோடு வெளியே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஏதோ வெடித்துச் சீறும் சத்தம். கதவிலுள்ள சிறு கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெள்ளைப் புகை. அதற்குள் அவர் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் சுவரைத் தடவித் தடவி என் பக்கமாக வந்துகொண்டிருந்தார்.

"தம்பி, கதவு... கதவைப் பிடி," என்றார்.

இடைவெளியால் அந்த மணம் என் முகத்தில் அடித்தது.

வாயு வெளியே பரவினால் தொழிற்சாலை மண்டபத்தில் இருப்பவர்களுக்கு ஆபத்து. அவர்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று நேற்றும் சொன்னேன், இன்றும் அதையே சொல்கிறேன். மண்டபத்தில் அப்போது நான் மட்டும்தான் நின்றேன். கதவை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, பூட்டினேன்.