சமையலறைக் கடிகாரமும் பன்னிரண்டு மைல் கடலும்

அவைக்குத் தலைமையேற்று, "அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள் பெரியவரே" என்று அன்போடு என் காதைக் கடித்துவிட்டு அமர்ந்திருக்கும் சட்டக் கல்லூரித் தலைவர் அவர்களே! கடலைக் கரைத்துக் குடித்த மாலுமிகளே! கடல் சட்டத்தைக் கரைத்துக் குடித்த கல்விமான்களே! கணவனைக் கப்பலில் ஏற்றிவிட்டுக் காலண்டரைக் கிழித்துக் காத்திருந்த தாய்மார்களே! பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் பெருந்தன்மைக்காரர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பண்டாரியின் வணக்கம்.

பண்டாரி என்றால் கப்பலில் சமையல்காரன். எனக்கு எழுத்துத் தெரியாது. கடிகார முள் தெரியும், கைரேகை வைக்கத் தெரியும். அந்த இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல மனிதனைச் சிறைக்குள் தள்ளிய கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

வருஷம் எண்ணிக்கையில் எனக்கு வராது. எங்கள் கப்பலில் முதல் சலவை இயந்திரம் வந்து, முதல் வாரமே எல்லார் சட்டையையும் நீலமாக்கிய வருஷம். என் மூத்த மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம். கோதுமை மாவு கிடைக்காமல் மூன்று துறைமுகங்களில் நான் சண்டை போட்ட வருஷம். அந்த வருஷம் கப்பலில் நாங்கள் இருபத்திரண்டு பேர். மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். மாலை வெயிலில் இன்ஜின் சத்தம் திடீரென்று நின்றது. நான் அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தில் ஆறு மணி.

வெளியே போய்ப் பார்த்தால், பாதி மூழ்கிய மரப்படகு. அதில் முப்பத்தேழு உயிர்கள். எங்கள் கேப்டன் ஆறடிக்கு மேல் உயரம். நெட்டையர் என்போம், அவர் காது கேட்காத தூரத்தில். அவர் யாரிடம் அனுமதி கேட்டார்? எந்தப் புத்தகத்தைப் புரட்டினார்? எந்த நாட்டுக்குக் கடிதம் போட்டார்? "ஏணியை இறக்குங்கடா!" என்றார். அவ்வளவுதான் அவர் பேசிய சட்டம்!

ஏற்றியது ஒரு மணி நேரம். இறக்குவதற்குப் பதினொரு நாள்! அருகில் இருந்த நாடு, "உன் கொடி எந்த நாட்டுக் கொடியோ அங்கே கொண்டுபோ" என்றது. கொடி நாடு, "அருகில் இருப்பவன் இறக்கிக்கொள்ளட்டும்" என்றது. கப்பல் முதலாளியின் நாடு, "படகு புறப்பட்ட இடத்துக்கே திருப்பி விடு" என்றது. உயிருக்குப் பயந்து ஓடிவந்தவனை அந்தப் பயத்தின் வாயிலேயே கொண்டுபோய்த் திணிப்பதா? கேப்டன் மறுத்தார். இருபத்திரண்டு பேருக்கான மாவில் நான் ஐம்பத்தொன்பது பேருக்கு ரொட்டி போட்டேன். அதை ரொட்டி என்று சொன்னால் ரொட்டிக்குக் கோபம் வரும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்று சிரிக்க முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் குடிதண்ணீர் தீர்ந்தது. கேப்டன் யாரையும் கேட்காமலே அருகில் இருந்த நாட்டின் துறைமுகத்துக்குள் கப்பலைக் கொண்டுவந்தார். முப்பத்தேழு பேரையும் இறக்கினார்கள். இறக்கிய கையோடு கேப்டனைப் பிடித்தார்கள். என்ன குற்றம்? ஆள் கடத்தல்!

இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். கரையிலிருந்து பன்னிரண்டு மைல் வரை கடல் அந்த நாட்டுக்குச் சொந்தம். அதற்கு அப்பால் பொதுக்கடல். ஐந்து மணிக்கு, பொதுக்கடலில், மூழ்கும் படகைக் கண்டு நிறுத்தியதாகக் கேப்டன் கப்பல் குறிப்பேட்டில் எழுதியிருந்தார். எங்கள் கப்பல் கரையை நோக்கி மணிக்குப் பன்னிரண்டு மைல் போகும். ஆறு மணிக்கு நிறுத்தியிருந்தால் அது அந்த நாட்டு எல்லைக்குள் வந்துவிடும். அப்படியானால் படகு மூழ்கவில்லை, பேசிவைத்துக் கரையோரமாக வந்து ஆள் ஏற்றினான், மறைக்கக் குறிப்பேட்டில் பொய் எழுதினான் என்று ஆகும். பத்து வருஷம் சிறை.

ஆறு மணி என்று சொன்னது யார்? இதோ, உங்கள் முன்னால் மாலை போட்டுக்கொண்டு நிற்கும் இந்த மகாபாவி! கரை சேர்ந்த முதல் நாளே போலீஸ் கேட்டது, "இன்ஜின் எப்ப நின்னுச்சு?" "ஆறு மணிங்க." "நிச்சயமா?" "நானே கடிகாரத்தப் பாத்தேங்க." எழுதினார்கள். பெருவிரலை நீட்டினேன். என் விரல் மை காய்வதற்குள் கேப்டன் கையில் விலங்கு.

நீதிமன்ற வாசலில் அவரைப் பார்த்தேன். திட்டுவார் என்று தலை குனிந்து நின்றேன். அவர் கேட்டது என்ன தெரியுமா? "பண்டாரி, மாவு வந்துச்சா? பசங்க சாப்பிடுறாங்களா?" அடித்திருந்தால் தாங்கியிருப்பேன் ஐயா. அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை.

அவருக்காக வாதாட வந்தவர் ஒரு வக்கீலம்மா. குட்டையான உருவம், குதிரை நடை. எங்களுக்கும் அவருக்கும் நடுவே மொழி பெயர்த்தது, துறைமுக வாசலில் முடிவெட்டும் அண்ணன். பல நாட்டுத் தலைகளைத் தொட்டதில் பல மொழி அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் இருவரும் என் சமையலறைக்கு வந்தார்கள்.

"நீ மணிய மறந்துரு. அன்னிக்கு செஞ்ச வேலைய மட்டும் வரிசையா சொல்லு, அம்மா கேக்குறாங்க" என்றார் அண்ணன்.

"மாவு பெசஞ்சேன். ஊற வச்சேன். சுக்கான் பிடிக்கிற ஆளு மாறுற நேரம், புது ஆளுக்கு டீ கொண்டுபோனேன். வந்து பாத்தா மணி அஞ்சு. ரொட்டிய அடுப்புல வச்சேன். ஒரு மணி நேரத்துல வெந்துச்சு. எடுக்கும்போது இன்ஜின் நின்னுச்சு."

அம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். ஏதோ கேட்டார்.

"டேய், சுக்கான்காரன் நாலு மணிக்குத்தானே மாறுவான்? உலகத்துல எல்லா கப்பல்லயும் நாலு மணிதானாம். நீ எப்படி அஞ்சு மணிக்கு டீ குடுத்தே?"

மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தேன்.

மாலுமிகளுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மேற்கே போகும் கப்பலில் வழியில் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் திருப்புவார்கள். அந்தப் பயணத்திலும் முந்தின நாளே எல்லாக் கடிகாரத்தையும் திருப்பிவிட்டார்கள், என்னுடையதைத் தவிர! அதற்கு முந்தைய துறைமுகத்தில் சமையலறைக்குப் பெயிண்ட் அடித்த மகராசன், கடிகாரத்தைக் கழற்றச் சோம்பல்பட்டு, கண்ணாடியை மட்டும் விட்டுவிட்டுச் சுவரோடு சேர்த்து அடித்துவிட்டான். விளிம்பெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. நானும் விட்டுவிட்டேன். சாப்பாட்டுக்கு மணி அடிப்பார்கள், பரிமாறுவேன். கடிகாரம் எனக்கு ரொட்டி வேகும் நேரம் பார்க்க மட்டும்தான். அது எந்த ஊர் நேரமாக இருந்தால் ரொட்டிக்கு என்ன?

"அய்யோ, என் புத்திய செருப்பால அடிக்கணும்!" என்று பாய்ந்து, அந்தக் கடிகாரத்தைப் பிடுங்கி நீதிபதி முன்னால் வைக்கக் கை வைத்தேன். வக்கீலம்மா போட்ட சத்தத்தில் மேல்தளத்துப் பறவையெல்லாம் பறந்தது. அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. அண்ணன் பிறகு விளக்கினார். "பெயிண்ட் உடையாம இருக்குற வரைக்கும்தான்டா அது சாட்சி. நீ தொட்டா, நீயே திருப்பி வச்சேன்னு சொல்லிருவாங்க."

மூன்றாம் நாள் நீதிபதியே கப்பல் ஏறினார். கூடவே அரசுத் தரப்பு வக்கீல். இளம் வயது, இறுகிய முகம்; கேப்டனைப் பத்து வருஷம் உள்ளே வைத்தே தீருவேன் என்று வாதாடியவர். என் சமையலறையில் நாலு பேர் நின்றால் ஐந்தாமவர் மூச்சை அடக்க வேண்டும். அதில் ஒன்பது பேர். அந்த வக்கீல் ஸ்டூலைப் போட்டு ஏறினார். கடிகார விளிம்பில் நகத்தை வைத்துச் சுற்றிலும் தடவினார். பெயிண்டில் ஒரு கீறல் இல்லை. தன் கைக்கடிகாரத்தை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். சரியாக ஒரு மணி வித்தியாசம், நிமிஷம் பிசகவில்லை.

கீழே இறங்கி என்னைப் பார்த்தார். அண்ணன் மொழிபெயர்த்தார். "இத ஏன் முதல்லயே சொல்லலன்னு கேக்குறாரு."

"எனக்குத் தோணவே இல்லீங்க. தோணினதும், இவ்வளவு பெரிய தப்பான்னு வெக்கமாப் போச்சுங்க."

எங்கள் பக்கம் அத்தனை முகமும் வெளிறிப்போயிருந்தது. அவர் நினைத்திருந்தால் ஆயிரம் சொல்லியிருக்கலாம். கைரேகை வைத்த வாக்குமூலம்தான் செல்லும் என்றிருக்கலாம். எழுத்தறியாதவன் இன்று ஒன்று சொல்வான், நாளை ஒன்று சொல்வான் என்றிருக்கலாம். மேலிடம் அவரிடம் எதிர்பார்த்ததும் அதைத்தான். அவர் நீதிபதியிடம் திரும்பிச் சொன்னார்: "என் வழக்கு நின்றது இந்த மனிதர் சொன்ன ஆறு மணியில். அது ஐந்து மணி. கேப்டன் எழுதியது உண்மை. இனி நான் வாதாட மாட்டேன்."

கேப்டன் அன்றைக்கே வெளியே வந்தார். அந்த வக்கீலுக்கு அதன் பிறகு பதவி உயர்வே வரவில்லை என்று வெகு காலம் கழித்துக் கேள்விப்பட்டேன்.

என் அருமைப் பெரியோர்களே! இந்த மன்றத்தில் காலையிலிருந்து கேட்கிறேன். காப்பாற்றியவனைக் கூண்டில் ஏற்றலாமா? காப்பாற்றப்பட்டவனை எந்தக் கரை ஏற்க வேண்டும்? கொடி நாடா, கரை நாடா, கப்பல்காரன் நாடா? அன்று என் ரொட்டி காய்ந்தபோது கேட்ட அதே கேள்விகள்! இன்னுமா முடியவில்லை என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் கேட்கிறீர்களே, விடாமல் கேட்கிறீர்களே, அதற்காக உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். எழுதிய சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதை ஏணியாக இறக்க ஒரு கேப்டன் வேண்டும். தன் கட்சி தோற்றாலும் பரவாயில்லை, உண்மை தோற்கக்கூடாது என்று ஸ்டூலிலிருந்து இறங்கிவரும் ஒரு வக்கீலும் வேண்டும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, உங்கள் கடிகாரம் எந்த ஊர் நேரம்? சரி, சரி, முடித்துவிடுகிறேன்.

நன்றி சொல்லத்தான் வந்தேன். கேப்டனுக்குச் சொல்லலாமென்றால், பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுக் கண்மூடிவிட்டார். வக்கீலம்மா போய்ப் பதினாறு வருஷம். முடிவெட்டும் அண்ணன் அவருக்கு முன்பே போனார். நீதிபதியும் இல்லை. அன்று அந்தச் சமையலறையில் நின்ற ஒன்பது பேரில் என்னைத் தவிர இன்று உயிரோடு இருப்பவர் ஒரே ஒருவர். வெகு தூரத்தில், தொண்ணூறு வயதில், மகள் வீட்டில் இருக்கிறார். இந்தப் பேச்சைப் படம் பிடித்து, அவர் மொழியில் மாற்றி அவருக்கு அனுப்புவதாக மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தம்பி, அந்தக் கேமராவை என் முகத்துக்கு நேரே கொண்டுவாப்பா. அவையோரே, உங்கள் எல்லாருக்கும் நன்றி. எனக்காக ஒரு நிமிஷம் எழுந்து நில்லுங்கள்.

அரசுத் தரப்பு வக்கீல் ஐயா, வணக்கம்.